சிகாரை ருசித்துப் பிடிப்பது: பெங்களூரில் புதிதாக வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

அல்சூர், காக்ஸ் டவுன், ஒயிட்ஃபீல்டு என்று ஆளுக்கொரு மூலையில் இருக்கும் தமிழ் நண்பர்கள் சிலர் மாதம் ஒருமுறை ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் கூடுகிறோம். கையால் சுருட்டிய சிகார் ஆளுக்கு ஒன்று, காபி, நிறையப் பேச்சு. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்விகளைக் கேட்பதால் இங்கே எழுதி வைக்கிறேன். 21 வயது நிரம்பாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். இதுவரை புகைக்காதவர் யாரையும் புகைக்க அழைக்கும் எண்ணமும் எனக்கு இல்லை.

புகையை உள்ளே இழுக்கக் கூடாதாமே, அப்புறம் என்னதான் செய்வது?

வாயில் வாங்கி, நாக்கில் கொஞ்சம் உலாவவிட்டு, வெளியே விடுவது. நெஞ்சுக்குள் போகவே கூடாது. சிகார் புகை காரத்தன்மை (அமிலத்தன்மைக்கு எதிரானது) கொண்டது. அதனால் அதிலுள்ள நிக்கோட்டின் வாயின் உட்தோல் வழியாகவே உடம்பில் ஏறிவிடும். சிகரெட் பழக்கத்தில் உள்ளே இழுத்தால் முதலில் கமறல், அடுத்து கிறுகிறுப்பு.

நிமிடத்துக்கு ஓர் இழுப்பு போதும். சிகரெட் பிடித்துப் பழகியவர்களுக்கு இதுதான் கஷ்டம். கை சும்மா இருக்காது, அடுத்தடுத்து இழுத்துக்கொண்டே இருப்பார்கள். கங்கு அளவுக்கு மீறிச் சூடானால் இலையில் உள்ள நல்ல வாசனையெல்லாம் கருகி, கசப்பும் நெடியும்தான் மிஞ்சும். விலை உயர்ந்த சிகார் நன்றாக இல்லை என்று குறை சொல்பவர்களில் பாதிப் பேர் அதை வேகமாகப் பிடித்தவர்கள்.

நம்ம ஊர்ச் சுருட்டும் இதுவும் ஒன்றுதானே?

இலை, சுருட்டும் கை, நெருப்பு வரைக்கும் ஒன்றுதான். அதற்கப்புறம் பிரிகிறது.

திண்டுக்கல், வேடசந்தூர் பக்கம் விளைந்த புகையிலையை வைத்து உறையூரிலும் திண்டுக்கல்லிலும் சுருட்டிய சுருட்டு, 19-ஆம் நூற்றாண்டில் திருச்சிச் சுருட்டு என்ற பெயரில் இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. ஸ்பென்சர் நிறுவனம் திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலையே நடத்தியது. யாழ்ப்பாணத்துச் சுருட்டுக்கும் தனி வரலாறு உண்டு. கருப்பசாமிக்கும் சுடலைமாடனுக்கும் படையலில் சுருட்டு வைக்கும் நாம், க்யூபாவின் ஹவானா என்ற பெயரைக் கேட்டதும் ஏதோ முதல்முறையாகப் புகையிலையைப் பார்ப்பதுபோல நடந்துகொள்வது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

உருவத்தில் வித்தியாசம் எளிது. நம் சுருட்டு இரண்டு முனையும் திறந்திருக்கும், நேராக ஒரே தடிமனில் போகும், எதையும் வெட்ட வேண்டியதில்லை. சிகாரில் வாயில் வைக்கும் முனையை ஒரு சிறு இலைத்துண்டால் மூடியிருப்பார்கள். அதை வெட்டித்தான் பிடிக்க வேண்டும். பெரிய வித்தியாசம் பாடம் செய்வதில் இருக்கிறது. நல்ல சிகாருக்கான இலையைக் கொட்டகையில் தொங்கவிட்டுக் காயவைத்து, ஈரம் தெளித்து, குவியல் குவியலாக அடுக்கிப் புளிக்க வைப்பார்கள். குவியலின் நடுவில் சூடு ஏறும், அம்மோனியா வெளியேறும். குவியலைப் பிரித்து மேலது கீழாக மாற்றி மறுபடி அடுக்குவார்கள். பிறகு மூட்டை கட்டி வருடக்கணக்கில் கிடப்பில் போடுவார்கள். நீங்கள் கொடுக்கும் காசில் ஒரு நல்ல பங்கு இந்தக் காத்திருப்புக்குப் போகிறது.

ஒரு சிகாருக்குள் என்ன இருக்கிறது?

மூன்று அடுக்கு. வெளியே அழகாகத் தெரிவது ராப்பர். அதற்கு உள்ளே எல்லாவற்றையும் பிடித்து வைத்திருப்பது பைண்டர். நடுவில் இருப்பது ஃபில்லர். கையால் சுருட்டிய நல்ல சிகாரில் ஃபில்லர் என்பது ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போகும் முழு இலை. மலிவானவற்றில் நறுக்கிய துண்டுகளை அடைத்திருப்பார்கள், வாயில் தூள் வரும்.

ஃபில்லருக்கு வரும் இலை செடியில் எந்த உயரத்தில் இருந்தது என்பதுதான் சுருட்டுபவரின் கணக்கு. அடியிலைக்கு வொலாடோ என்று பெயர், நன்றாக எரியும். நடு இலை செக்கோ, வாசனைக்கு. உச்சியில் வெயிலை முழுதாக வாங்கிய இலை லிகேரோ, காட்டத்துக்கு. லிகேரோ தடிப்பானது, மெதுவாக எரியும். அதனால் அதை நடுவில் வைத்துச் சுருட்டுவார்கள். ஓரத்தில் வந்துவிட்டால் சிகார் ஒரு பக்கமாக எரியும்.

கறுப்பாக இருந்தால் காட்டமா?

இல்லை. இது எல்லோரும் நம்புகிற பொய். மதூரோ என்கிற கரும்பழுப்பு ராப்பர், அதிக நாள், அதிகச் சூட்டில் புளிக்க வைத்ததால் வந்த நிறம். பல மதூரோக்கள் இனிப்பு தட்டும், சாதுவானவை. வெளிர்மஞ்சள் நிற கனெக்டிகட் ராப்பருக்குள் லிகேரோவை அடைத்து ஆளைச் சாய்க்கும் சிகார்களும் உண்டு. காட்டம் ஃபில்லரில் இருக்கிறது. மேல்தோலைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள்.

க்யூபாதானே பெஸ்ட்?

க்யூபா சிகாருக்கு ஒரு தனி மணம் உண்டு. பினார் தெல் ரியோ மாகாணத்தில் வுவெல்டா அபாஹோ என்ற பகுதியின் மண்ணும் காற்றும் வேறு எங்கும் கிடைப்பதில்லை. அங்குள்ள பிராண்டுகளில் பார்த்தகாஸ் 1845-இலிருந்து இருக்கிறது, மான்டேகிறிஸ்டோ 1935-இலிருந்து. கோஹிபா 1966-இல் தொடங்கியது. முதலில் காஸ்ட்ரோவுக்கும் அவர் பரிசளிக்கும் வெளிநாட்டுத் தலைவர்களுக்கும் மட்டும்தான். 1982-இல்தான் கடைக்கு வந்தது. அதன் இலையில் ஒரு பகுதியை மூன்றாவது முறையும் புளிக்க வைக்கிறார்கள்.

ஆனால் க்யூபாப் புரட்சிக்குப் பிறகு அங்கிருந்து வெளியேறிய சிகார் குடும்பங்கள் சும்மா இருக்கவில்லை. தங்கள் அனுபவத்தோடு நிகராகுவா, டொமினிகன் குடியரசு, ஹோண்டுராஸ் என்று போய் இறங்கினார்கள். அமெரிக்கா 1962-இல் க்யூபாவுக்குத் தடை போட்டதும் அந்த நாடுகளுக்குப் பெரிய சந்தை கிடைத்தது. (தடையில் கையெழுத்துப் போடுவதற்கு முன் கென்னடி தனக்கு ஆயிரம் க்யூபா சிகார் வாங்கி வரச் சொன்னதாகவும், தான் 1,200 வாங்கி வந்ததாகவும் அவருடைய பத்திரிகைச் செயலர் சாலிஞ்சர் பின்னாளில் சொன்னார். அரசியல்வாதிகள் எங்கேயும் அரசியல்வாதிகள்தான்.) இன்று நிகராகுவாவின் எஸ்தெலி, ஹலாபா பள்ளத்தாக்குகளில் விளையும் இலை எனக்குத் தனிப்பட்ட முறையில் க்யூபாவைவிடப் பிடிக்கும். மிளகுக் காரம், நல்ல கனம். சுருட்டும் தரமும் அங்கே பிசகுவது குறைவு. க்யூபாவில் ஒரே பெட்டியில் ஒன்று அருமையாக இழுக்கும், அடுத்தது அடைத்துக்கொள்ளும்.

2022-இல் கோஹிபா, டிரினிடாட் ஆகிய க்யூபா பிராண்டுகளின் விலைகள் உலகம் முழுவதும் எகிறின. அதற்கப்புறம் ஆரம்பநிலையில் இருப்பவர் அதை வாங்குவதில் அர்த்தமே இல்லை.

5 x 50 என்று போட்டிருக்கிறதே, என்ன கணக்கு?

முதல் எண் நீளம், அங்குலத்தில். இரண்டாவது தடிமன், ஓர் அங்குலத்தை 64 பங்காக்கி அதில் எத்தனை பங்கு என்று. 50 என்றால் கிட்டத்தட்ட 20 மில்லிமீட்டர். 5 x 50 அளவுக்கு ரொபுஸ்டோ என்று பெயர். முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரும். முதல் சிகாருக்கு இதுவோ, இன்னும் ஒல்லியான கொரோனா என்ற அளவோ சரி.

7 x 47 அளவுக்குச் சர்ச்சில் என்று பெயர். அவரே நம் பெங்களூர்க்காரர்தான், ஒரு வகையில். 1895-இல் க்யூபா போய் சிகார் பழகிக்கொண்டு, மறு வருடம் குதிரைப்படை அதிகாரியாக இங்கே கண்டோன்மென்ட்டுக்கு வந்து சேர்ந்தார். பெங்களூரு கிளப்புக்கு அவர் வைத்துவிட்டுப் போன 13 ரூபாய் பாக்கி, வசூலாகாத கடன் என்று அவர்களுடைய பழைய பேரேட்டில் இன்னும் இருக்கிறது.

எப்படி வெட்டுவது, எப்படிப் பற்ற வைப்பது?

மூடிய முனையில் இலைத்தொப்பி எங்கே முடிகிறது என்று ஒரு மெல்லிய கோடு தெரியும். அதற்கு மேலேயே, இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு வெட்டுங்கள். கோட்டைத் தாண்டினால் ராப்பர் பிரிந்து வந்துவிடும். கில்லட்டின் வகை இரட்டை பிளேடு கட்டர் போதும். பல்லால் கடிப்பது சினிமாவுக்குச் சரி. காய் நறுக்கும் கத்தி வேண்டாம்.

வெட்டியதும் பற்ற வைக்காமலேயே ஒருமுறை இழுத்துப் பாருங்கள். காற்று தடையில்லாமல் வர வேண்டும், ஆனால் வெற்றுக் குழாயில் இழுப்பதுபோலவும் இருக்கக் கூடாது. இந்தக் குளிர் இழுப்பிலேயே வைக்கோல், உலர்ந்த திராட்சை, மாட்டுக்கொட்டகை என்று ஏதாவது தட்டும். மாட்டுக்கொட்டகை வாசம் நல்ல அறிகுறி, முகம் சுளிக்காதீர்கள்.

பற்ற வைக்க பியூட்டேன் லைட்டர், இல்லையென்றால் நீளத் தீக்குச்சி. குச்சியின் மருந்து எரிந்து முடிந்த பிறகுதான் கிட்டே கொண்டுபோக வேண்டும். பெட்ரோல் ஊற்றும் லைட்டர் வேண்டாம், கடைசிவரை அந்த நாற்றம் போகாது. சுடரைச் சிகாரில் படவிடாமல் கொஞ்சம் கீழே பிடித்து, சிகாரைச் சுழற்றிக்கொண்டே விளிம்பு முழுவதும் வாட்டுங்கள். விளிம்பு சாம்பல் நிறமானதும் வாயில் வைத்து மெல்ல இழுங்கள். கங்குப் பக்கத்தை ஊதிப் பாருங்கள். எங்கே சிவக்கவில்லையோ அங்கே மட்டும் இன்னொரு முறை காட்டுங்கள். ஒரு நிமிட வேலை. இதில் அவசரப்பட்டால் ஒரு மணி நேரமும் கோணலாக எரியும்.

தோல், கோகோ, ஓக் என்றெல்லாம் எழுதுகிறார்களே, எனக்குப் புகை மட்டும்தானே தெரிகிறது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். எனக்குச் சொல்ல நிறைய இருப்பதும் இதில்தான்.

நாக்கு பிரித்தறிவது சில அடிப்படைச் சுவைகளை மட்டும். மீதி அத்தனையும் மூக்கு. எனவே வாயில் இருக்கும் புகையில் பெரும்பகுதியை வெளியே விட்டுவிட்டு, மிச்சமிருக்கும் கொஞ்சத்தை மூக்கு வழியாக விட்டுப் பாருங்கள். நெஞ்சுக்கு இறக்காமல், தொண்டைக்கு மேலேயே திருப்பிவிட வேண்டும். முதல்முறை கண்ணில் நீர் வரும். ஒரு சிகாரில் நான்கைந்து தடவை செய்தால் போதும், ஒவ்வொரு இழுப்புக்கும் வேண்டாம். இதைச் செய்யாதவருக்குப் புகை மட்டும் தெரிவதில் ஆச்சரியமில்லை.

அடுத்தது, கடன் வாங்கிய பட்டியலைத் தூக்கிப் போடுங்கள். ஓக் மரத்தின் வாசனையை நுகர்ந்தே பார்க்காத ஒருவர் ஓக் என்று எழுதினால் அது அடுத்தவர் எழுதியதைப் பார்த்து எழுதியது. நமக்கு அறுசுவை இருக்கிறது, அஞ்சறைப்பெட்டி இருக்கிறது. அதிலிருந்து தொடங்குங்கள். நிகராகுவா சிகாரின் முதல் பத்து நிமிடத்தில் வரும் காரம் மிளகா, சுக்கா? மிளகு நாக்கின் நுனியில் சுடும், சுக்கு தொண்டையில் இறங்கிச் சுடும். மதூரோவின் இனிப்பு வெல்லமா, கருப்பட்டியா? கருப்பட்டியில் ஒரு லேசான கருகல் இருக்கும், வெல்லத்தில் இருக்காது. கனெக்டிகட் ராப்பரில் பொட்டுக்கடலையும் வைக்கோலும் வரும், சில சமயம் முந்திரி வறுத்த நெய் வாசம். காமரூன் ராப்பர் என்றால் மெல்லிய பட்டை, கிராம்பு. துவர்ப்பு வந்தால் அது வாழைப்பூத் துவர்ப்பா, கடுக்காயா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வாழைப்பூ அளவு என்றால் சரி. கடுக்காய்போல நாக்கை இழுத்தால் இலை இன்னும் பதமாகவில்லை. வெந்தயம் தீய்ந்த கசப்பு என்றால் நீங்கள் வேகமாக இழுக்கிறீர்கள்.

எங்கள் கூட்டத்தில் வாணியம்பாடிக்காரர் ஒருவர் இருக்கிறார். தோல் வாசனை என்று யாராவது சொன்னால் பதனிட்ட தோலா, பதனிடாததா என்று திருப்பிக் கேட்பார். அவர் கேட்பது நியாயம்தான்.

மூன்றாவது, பேண்டை, அதாவது சிகாரைச் சுற்றி ஒட்டியிருக்கும் பிராண்டு பெயர் போட்ட காகித வளையத்தை, கழற்றிவிட்டுப் பிடித்துப் பாருங்கள். நாங்கள் செய்வது இப்படி: ஒருவர் மட்டும் சிகார்களை வாங்கி, பேண்டை எடுத்துவிட்டு வெள்ளைக் காகிதத்தில் எண் எழுதி ஒட்டிக் கொண்டுவருவார். எல்லோரும் பிடித்து, தோன்றுவதை எழுதி, கடைசியில்தான் பெயர் சொல்வார். பேண்டு இருக்கும்போது கிடைக்கிற பாராட்டும் இல்லாதபோது கிடைக்கிற பாராட்டும் ஒன்றாக இருந்ததே இல்லை. சொல்லப்போனால் நான் இந்தப் பக்கத்தை எழுதுவதே இதற்காகத்தான். விலை, நாடு, நிறம், பேண்டு எல்லாம் சிகாரைச் சுற்றி இருப்பவை. சுவை உங்கள் வாயில்தான் இருக்கிறது, அதை நீங்களே சொல்ல வேண்டும்.

குறித்துக்கொள்ளும்போது மூன்று விஷயங்களைத் தனித்தனியாக எழுதுங்கள். உடம்பில் ஏறுவது காட்டம். வாயில் புகை நிரம்பித் தெரிவது கனம். வாசனையும் ருசியும் வேறு. மூன்றும் சேர்ந்தே வர வேண்டும் என்பதில்லை. காட்டம் குறைவாக, கனம் அதிகமாக உள்ள சிகார்கள்தான் என் தேர்வு.

மூன்று பாகமாகப் பிரித்துப் பார்ப்பது என்றால்?

எரிய எரிய ருசி மாறும். முதல் பாகம் அறிமுகம், கொஞ்சம் காரம். நடுப்பாகம்தான் நன்றாகச் சுருட்டிய சிகாரின் உண்மையான முகம். கடைசிப் பாகத்தில் சூடும் எண்ணெயும் முனைக்கு வந்து சேர்வதால் காட்டம் கூடும். கசக்க ஆரம்பித்ததும் வைத்துவிடுங்கள். விரல் சுடும்வரை பிடிப்பது கஞ்சத்தனம்.

சாம்பலைத் தட்டலாமா?

ஓர் அங்குலம் வரை விட்டு, கிண்ணத்தின் விளிம்பில் லேசாகச் சாய்த்தால் தானே விழும். சிகரெட்போலத் தட்ட வேண்டாம். நீளமாக நிற்கும் சாம்பல், முழு இலை ஃபில்லர் என்பதற்கு அடையாளம். வெள்ளைச் சாம்பலுக்கும் ருசிக்கும் சம்பந்தம் இல்லை, அது மண்ணிலுள்ள தாதுக்களைப் பொறுத்தது.

பெங்களூர் வானிலையில் எப்படிப் பத்திரமாக வைப்பது?

சென்னையிலோ மும்பையிலோ இருப்பவரைவிட நமக்கு வெப்பம் குறைவு. ஆனால் ஈரப்பதம் நம்மை ஏமாற்றும். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை மதிய நேரத்தில் காற்று காய்ந்து கிடக்கும். வெளியே வைத்த சிகார் சில நாட்களிலேயே ராப்பர் வெடித்துவிடும். ஜூலை, ஆகஸ்ட் மழையில் அதே சிகார் அப்பளம்போல நமுத்துப்போகும், பற்றாது, இழுக்காது. சிகாருக்குத் தேவை 65-இலிருந்து 70 சதவீதம் ஈரப்பதம், 18-இலிருந்து 21 டிகிரி வெப்பம். வெப்பம் இரண்டு டிகிரி கூடினால் குடி முழுகிவிடாது, ஆனால் 24-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹியூமிடார் என்ற மரப்பெட்டி அழகாக இருக்கும். நல்லது விலை அதிகம், மலிவானது மூடி சரியாக மூடாது. ஆரம்பத்தில் ரப்பர் விளிம்பு வைத்த, காற்றுப் புகாத சமையலறை டப்பா ஒன்று போதும். உள்ளே 65 அல்லது 69 என்று எண் அச்சிட்ட ஈரப்பத உறை ஒன்றைப் போட்டுவிட்டால் அதுவே ஈரத்தைக் கொடுக்கவும் செய்யும், வாங்கவும் செய்யும். ஈரப்பஞ்சு, வாழைக்கட்டை, ஆப்பிள் துண்டு வைத்தியமெல்லாம் பூசணத்துக்கு அழைப்பிதழ்.

சிறிய டிஜிட்டல் ஈரமானி ஒன்றும் வேண்டும். அது உண்மை சொல்கிறதா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு பாட்டில் மூடியில் தூள் உப்பைப் போட்டு, சேறுபோல ஆகும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உப்பு கரைந்துவிடக் கூடாது. அதையும் ஈரமானியையும் ஜிப் உறையில் போட்டு மூடி ஒரு நாள் வையுங்கள். 75 காட்ட வேண்டும். 71 காட்டினால் எப்போதும் 4 கூட்டிப் படித்துக்கொள்ளுங்கள்.

பெட்டிக்குள் பலகை போடுவதானால் ஸ்பானிஷ் செடார் மட்டும். பெயரில்தான் அது செடார், உண்மையில் வேப்பமரத்தின் குடும்பம். பூஜைக்கு வைத்திருந்த சந்தனப்பெட்டி, பாச்சா உருண்டை போட்ட அலமாரி, பாலிஷ் போட்ட தேக்கு எதுவும் வேண்டாம். புகையிலை பக்கத்தில் இருக்கும் வாசனையை எல்லாம் குடித்துக்கொள்ளும். ஃப்ரிட்ஜும் கூடாது, ஈரத்தை உறிஞ்சுவதோடு பெருங்காய வாசத்தையும் ஏற்றிவிடும்.

ராப்பரில் குண்டூசித் துளை இருக்கிறது. என்ன அது?

புகையிலை வண்டு. மஞ்சள் தூள், மல்லி டப்பாவில் வரும் அதே சின்னப் பழுப்பு நிற வண்டுதான். அதனால்தான் சிகார் பெட்டியை மளிகை அலமாரியில் வைக்கக் கூடாது. துளை விழுந்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு, மற்றவற்றை ஜிப் உறையில் இறுக்கி மூன்று நாள் ஃப்ரீசரில், பிறகு ஒரு நாள் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், அப்புறம் வெளியே எடுங்கள். மூடிய உறைக்குள் சில நாட்கள்தான் என்பதால் மேலே சொன்ன ஃப்ரிட்ஜ் ஆபத்து இங்கே இல்லை. நேராக வெளியே எடுத்தால் ராப்பர் வெடிக்கும். வண்டு முட்டை பொரிவது சூட்டில்தான். ஏப்ரல் மாதத்தில் பெட்டியைக் காரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

மேலே வெள்ளையாகப் படிந்திருப்பது இலையின் எண்ணெய் மலர்ந்தது என்று சில கடைக்காரர்கள் கதை சொல்வார்கள். பெரும்பாலும் அது பூசணம். பற்ற வைக்கும் முனையில் உள்ளுக்குள் இருந்தால் சிகாரே வேண்டாம்.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தியாவில் பாதி விலைக்குக் கோஹிபா கிடைத்தால் அது கோஹிபா இல்லை. கண்ணாடி மூடி வைத்த கோஹிபா பெட்டி நூற்றுக்கு நூறு போலி, அப்படி ஒரு பெட்டி அவர்கள் செய்வதே இல்லை. உண்மையான க்யூபாப் பெட்டியின் அடியில் க்யூபாவில் செய்தது, முழுக்கக் கையால் செய்தது என்று ஸ்பானிஷில் சூடுபோட்டிருக்கும். பக்கத்தில் தொழிற்சாலைக் குறியும் மாதம், வருடமும் மையில் குத்தியிருக்கும். இடதுபுறம் பச்சை வெள்ளை உத்தரவாத முத்திரை. உள்ளே எல்லாச் சிகாரின் பேண்டும் ஒரே உயரத்தில், ஒரே நிற வரிசையில் இருக்க வேண்டும். இந்தியாவில் சட்டப்படி விற்கும் பெட்டியில் படத்துடன் கூடிய சுகாதார எச்சரிக்கையும் கட்டாயம்.

வெளிநாட்டிலிருந்து வரும் மச்சானிடம் சொல்லிவிடுவதானால், தீர்வை இல்லாமல் 25 சிகார்தான் என்று ஞாபகப்படுத்துங்கள். அதோடு சிகரெட்டுக்கும் தனியாகச் சலுகை உண்டு என்று நினைத்து விமான நிலையத்தில் மாட்டிக்கொள்பவர்கள் நிறைய. இரண்டில் ஒன்றுதான்.

கூட என்ன குடிக்கலாம்?

என் முதல் ஓட்டு காபிக்கு. பாபா புதன்கிரிப் பக்கத்து பீபெரி, சிக்கரி இல்லாமல், கெட்டி டிகாஷனாக, பால் சேர்க்காமல். நிகராகுவா சிகாரோடு இது அபாரமாகச் சேரும். பால் காபி பிடிவாதம் உள்ளவர்கள் கனெக்டிகட் ராப்பரோடு குடிக்கட்டும். கருப்பட்டிக் காபியும் மதூரோவும் தூத்துக்குடிக்கார நண்பர் ஒருவரின் கண்டுபிடிப்பு, நன்றாகவே இருக்கிறது. இடையிடையே வெறும் தண்ணீரோ இளநீரோ குடித்தால் நாக்கு தெளியும். பிரியாணி முடித்த கையோடு ருசி பார்க்க உட்காராதீர்கள், மசாலாதான் தெரியும்.

விஸ்கி வேண்டுமென்றால் உள்ளூரிலேயே அம்ருத் இருக்கிறது. 1948-இல் தொடங்கிய நிறுவனம், 2004-இல் கிளாஸ்கோவில் தன் சிங்கிள் மால்ட்டை அறிமுகம் செய்தது. அதன் ஃப்யூஷனில் ஸ்காட்லாந்தின் புகையூட்டிய பார்லியும் கலப்பதால் கனமான சிகாரோடு ஈடுகொடுக்கும். ஆனால் மதுவும் புகையிலையும் சேரும்போது வாய், தொண்டைப் புற்றுநோய் ஆபத்து தனித்தனியாக இருப்பதைவிடப் பல மடங்கு. நான் காபிக்கு ஓட்டுப் போடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பெங்களூரில் எங்கே உட்கார்ந்து பிடிக்கலாம்?

பொது இடங்களில் புகைக்க 2008 அக்டோபர் 2 முதல் நாடு முழுவதும் தடை. கர்நாடகத்தில் 2025 மே மாதம் வந்த திருத்தம் அபராதத்தை 200-இலிருந்து 1,000 ரூபாயாக்கியது, விற்பனைக்கான வயதை 21 ஆக்கியது, ஹூக்கா பார்களை மூடியது. 30 அறையோ அதற்கு மேலோ உள்ள ஹோட்டல், 30 பேரோ அதற்கு மேலோ உட்காரும் உணவகம், விமான நிலையம் ஆகியவற்றில் தனியாக ஒதுக்கிய புகைக்கும் இடம் இருக்கலாம். போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள்.

சொந்த வீடு என்றால் மொட்டைமாடி. அடுக்குமாடியில் பால்கனி ஆபத்து, புகை நேராக மேல் வீட்டு மாமியின் துணிக்கொடிக்குத்தான் போகும். குழந்தைகளோ கர்ப்பிணியோ உள்ள வீட்டில் எந்த மூலையிலும் வேண்டாம்.

உள்ளே இழுப்பதில்லை என்றால் உடம்புக்குக் கெடுதல் இல்லைதானே?

இருக்கிறது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். வாய், நாக்கு, குரல்வளை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்களுக்குச் சிகார் நேரடிக் காரணம். உள்ளே இழுக்காதவருக்கும் அப்படித்தான். ஒரு பெரிய சிகாரில் ஒரு பாக்கெட் சிகரெட் அளவுக்குப் புகையிலை இருக்கக்கூடும். கையால் செய்தது, ரசாயனம் இல்லாதது என்பதால் எதுவும் குறைந்துவிடாது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. அடிக்கடி பிடித்தால் அடிமைப்படுத்தவும் செய்யும். வாரத்துக்கு ஒன்று தினமும் ஒன்றானால் அதற்குப் பெயர் ரசனை இல்லை. விட நினைப்பவர்களுக்கு அரசின் இலவச உதவி எண் 1800-11-2356.

தலை சுற்றினால்?

சிகாரைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு உட்காருங்கள். தண்ணீர், ஒரு துண்டு வெல்லம் அல்லது சர்க்கரை போட்ட எலுமிச்சைச் சாறு. அன்றைக்கு அவ்வளவுதான், மறுபடி எடுக்காதீர்கள். வெறும் வயிற்றில் பிடித்தால் இது எளிதில் வரும்.

பாதியில் அணைத்துவிட்டு நாளைக்குப் பிடிக்கலாமா?

ஒரு மணி நேரத்துக்குள் என்றால் கருகிய நுனியை வெட்டிவிட்டுப் பற்றவைக்கலாம். மறுநாள் என்றால் பழைய சாம்பல் நாற்றம்தான். அணைக்கும்போது நசுக்காதீர்கள், வைத்துவிட்டால் தானே அணையும்.

மாமனார் திண்டுக்கல்காரர், நாற்பது வருஷமாகச் சுருட்டு பிடிக்கிறார். க்யூபா சிகார் வாங்கித் தரலாமா?

தரலாம், பாராட்டை எதிர்பார்க்காதீர்கள். இதில் ஒன்றும் ஏறவில்லையே மாப்பிள்ளை என்பார். அவர் பழகிய இலையின் காட்டமே வேறு. உண்மையில் நீங்கள் செய்ய வேண்டியது, அவர் பிடிக்கும் சுருட்டு இரண்டை வாங்கி வந்து எங்கள் எண் ஒட்டிய வரிசையில் சேர்ப்பது. ஒருமுறை அப்படி வந்த உறையூர்ச் சுருட்டுக்கு மூன்று பேர் புளியங்கொட்டை வறுத்த வாசம் என்று எழுதி நல்ல மதிப்பெண் போட்டார்கள்.

ஆபீசில் ஒரு பெட்டி பரிசாக வந்தது. நான் பிடிப்பதில்லை. என்ன செய்வது?

ஆரம்பிக்காதீர்கள். முதலில் அடியில் உள்ள தேதியைப் பாருங்கள். பெட்டியை அப்படியே பெரிய ஜிப் உறையில் போட்டு, 65 எண் ஈரப்பத உறை ஒன்றைச் சேர்த்து, வெயில் படாத அலமாரியில் வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. பிடிப்பவர் யாருக்காவது கொடுங்கள். காலிப் பெட்டியை மட்டும் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பேனா போட்டு வைக்க நன்றாக இருக்கும்.